ஒண்டுக்குடித்தனக் கணிப்பொறிகள்



"சர்வர்" என்னும் சொல்லை, தமிழ்நாட்டை விட்டு வந்து வேற்று மாநிலங்களில் வாழும் நாம் இரண்டு இடங்களில் கேட்டுப் பழகியிருக்கிறோம். மாதுங்காவிலும் கரோல் பாக்கிலும் உள்ள நம்மூர்ச் சிற்றுண்டிச் சாலைகளில் மேசைக்கு மேசை ஓடி இட்டிலியும் காப்பியும் பரிமாறுபவர் ஒரு சர்வர். பொங்கலுக்கு ஊர் செல்ல எண்ணி, முன்பதிவு தொடங்கும் நாளில் காலை எட்டு மணிக்குக் கைப்பேசியும் கையுமாக உட்காரும்போது, "சர்வர் பதில் தரவில்லை" என்று வந்து நிற்கிறதே, அது இன்னொரு சர்வர். முன்னவர் தாமதித்தால் காப்பி ஆறிப்போகும். பின்னது தாமதித்தால் அந்த வருஷத்துப் பொங்கலை மும்பையிலேயே பொங்க வேண்டியதாகிவிடும்.

இருவர் தொழிலும் ஒன்றுதான்: கேட்டவர்க்குக் கேட்டதைக் கொண்டுவந்து கொடுப்பது. ரயிலில் இடம் கேட்டாலும், ஊரிலுள்ள தாயாருக்குப் பணம் அனுப்பினாலும், மருத்துவமனையில் நாளைக்குச் சீட்டுப் பெற்றாலும், எங்கோ ஒரு கட்டடத்தில் ஒரு கணிப்பொறி நமது வேண்டுகோளை வாங்கி, பதிவேட்டைப் புரட்டி, விடை எழுதி அனுப்புகிறது. அத்தகைய கணிப்பொறிகளை ஆயிரக்கணக்கில் அடுக்கி வைத்துப் பேணும் கட்டடத்துக்குத் தரவு மையம் என்று பெயர். நவி மும்பையிலும் சென்னையிலும் ஐதராபாத்திலும் நொய்டாவிலும் சன்னல்களே இல்லாத பெரிய கட்டடங்களை நீங்கள் கண்டிருக்கலாம். அவற்றுள் சில இவையே.

அவ்வாறான மையங்களில் பல ஆண்டுகள் பணிபுரிந்தவன் என்ற முறையில், அவற்றின் உள்ளே நடந்துள்ள ஒரு பெரிய மாறுதலையும், அதனால் அவற்றை நிருவகிப்போர்க்கு நேர்ந்துள்ள புதுக் கவலைகளையும் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அந்த மாறுதல் யாதெனில், சர்வர்களிற் பெரும்பாலானவை இன்று இரும்பால் ஆனவை அல்ல என்பதே.

முதலில் பழைய முறையைச் சற்றுப் பார்ப்போம். மையத்தின் கூடத்தில் ஆளுயரத்துக்கும் மேற்பட்ட இரும்பு அலமாரிகள் வரிசை வரிசையாக நிற்கும். ஓர் அலமாரியில் பொதுவாக 42 படிகள். ஒரு படியின் உயரம் ஒன்றே முக்கால் அங்குலம். அலமாரிகளின் முன்புறத்தில் குளிர்காற்று வரும். பின்புறத்தில் அனற்காற்று போகும். முன்புறம் நின்றால் சால்வை வேண்டும். பின்புறம் நின்றால் விசிறி வேண்டும். இத்தனை ஏற்பாடும் எதற்கு? கணிப்பொறி உண்ணும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகவே வெளிப்படுகிறது. அதை அகற்றாவிட்டால் சில நிமிஷங்களில் பொறிகள் தாமே நின்றுவிடும். ஆகையால் கணிப்பதற்கு ஒரு செலவு, கணித்ததால் எழுந்த சூட்டைத் தணிப்பதற்கு மற்றொரு செலவு.

அக்காலத்தில் ஒரு வேலைக்கு ஒரு சர்வர் என்பது எழுதாத சட்டம். சம்பளக் கணக்குக்கு ஒன்று, கடிதப் போக்குவரத்துக்கு ஒன்று, சரக்குக் கணக்குக்கு ஒன்று. இரண்டு வேலைகளை ஒரே பொறியில் ஏற்றினால், ஒன்றற்கு வேண்டிய மென்பொருட் பதிப்பு மற்றொன்றற்கு ஆகாது; ஒன்று இடறி விழுந்தால் மற்றதையும் இழுத்துக்கொண்டு விழும். அந்த அச்சத்தால் புது வேலை வந்தபோதெல்லாம் புதுப் பொறி வாங்கினோம். விளைவு, நூற்றுக்குப் பத்துப் பங்குகூட வேலை செய்யாத சர்வர்கள் கூடம் நிறைய நின்றன. சும்மா இருந்தால் உணவு குறையுமே என்று நினைக்கலாம். அதுதான் இல்லை. அந்நாளைய சர்வர் வேலையின்றி விழித்திருந்தாலே, முழு வேலையின்போது உண்ணும் மின்சாரத்தில் ஏறக்குறையப் பாதியை உண்டுவிடும். பத்துப் பங்கு உழைப்புக்குப் பாதிச் சம்பளம்!

இந்த வீணுக்கு மாற்றாக வந்ததுதான் மெய்நிகர் முறை. மெய்யைப் போன்றது, ஆனால் மெய்யன்று என்பது அதன் பொருள். பழைய திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் வீடுகளில் ஒண்டுக்குடித்தனம் இருந்த கதையை உங்களிற் பெரியோர் அறிவர். ஒரே வீடு, எட்டுக் குடித்தனம், ஒரு கிணறு, ஒரு முற்றம். யார் எப்போது தண்ணீர் இறைக்க வேண்டும், யார் துணி எப்போது கொடியில் காய வேண்டும் என்பதையெல்லாம் வீட்டுக்காரர் வகுத்து வைப்பார். மெய்நிகர் முறையிலும் ஒரு பெரிய சர்வருக்குள் இருபது, முப்பது கணிப்பொறிகள் குடியிருக்கின்றன. ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. திருவல்லிக்கேணிக் குடித்தனக்காரருக்குத் தாம் ஒண்டியிருப்பது நன்றாகத் தெரியும். இங்கே குடியிருக்கும் ஒவ்வொரு கணிப்பொறியும், வீடு முழுவதும் தனக்கே சொந்தம் என்று நம்பிக்கொண்டிருக்கிறது!

அந்த நம்பிக்கையைக் குலையாமல் காத்துவரும் வீட்டுக்காரருக்கு ஹைப்பர்வைசர் என்று பெயர். அது ஒரு மென்பொருள். சாதாரணக் கூட்டல் கழித்தல்களை ஒவ்வொரு குடித்தனமும் நேராகப் பிராசசரிடமே செய்துகொள்ளலாம்; வீட்டுக்காரர் குறுக்கே வருவதில்லை. வேகம் குறையாதிருப்பது இதனால்தான். ஆனால் நினைவகத்தின் எல்லைகளை மாற்றுவது, டிஸ்க்கைத் தொடுவது, கடிகாரத்தைத் திருத்துவது போன்ற அதிகாரக் கட்டளை ஏதேனும் குடித்தனத்திலிருந்து எழுந்தால், பிராசசர் அந்தக் கணமே அதனை நிறுத்தி வீட்டுக்காரரைக் கூப்பிடும். அவர் அந்த வேலையைப் பிறருக்கு இடையூறின்றித் தாமே செய்து முடித்து, "நீ கேட்டபடியே ஆயிற்று" என்று விடை கொடுத்து அனுப்புவார். கேட்டது அதனை நம்பித் தன் வேலையைத் தொடரும்.

இஃது ஏதோ நேற்றைய கண்டுபிடிப்பு என்று எண்ணவேண்டாம். அமெரிக்காவில் ஐபிஎம் நிறுவனத்தின் கேம்பிரிட்ஜ் ஆய்வகத்தில் 1964-இல் இதற்கான முயற்சி தொடங்கியது. 1967-இல் சிபி-40 என்னும் அமைப்பு இயங்கிற்று. 1972-இல் அந்நிறுவனம் இதனை விஎம்/370 என்ற பெயரில் தன் பெருங் கணிப்பொறிகளுக்கு விற்பனைக்கே கொண்டுவந்தது. எந்தப் பொறியில் இவ்வித்தை கூடும், எதில் கூடாது என்பதற்குரிய இலக்கணத்தைப் போபெக், கோல்ட்பர்க் என்னும் இருவர் 1974-இல் வகுத்தனர். பின்னர் மலிவான சிறு கணிப்பொறிகள் பெருகியபோது இந்த வித்தை மறைந்து கிடந்தது. அவற்றிலுள்ள இன்டெல் வகைப் பிராசசர்கள் அந்த இலக்கணத்துக்கு அடங்காதவை. சில அதிகாரக் கட்டளைகளைக் கேட்டால் அவை வீட்டுக்காரரைக் கூப்பிடாமலே வாய்மூடி இருந்துவிடும். 1998-இல் தொடங்கப்பெற்ற விஎம்வேர் நிறுவனத்தார், அத்தகைய கட்டளைகளை ஓடுவதற்கு முன்பே கண்டுபிடித்து வேறு கட்டளைகளாக மொழிபெயர்த்துவிடும் உபாயத்தைக் கையாண்டனர். 2001-இல் சர்வர்களுக்கென்றே அவர்கள் செய்த மென்பொருள் வெளிவந்தது. 2003-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் சென் என்பதை வெளியிட்டனர். 2005, 2006-ஆம் ஆண்டுகளில் இன்டெலும் ஏஎம்டியும் தம் பிராசசர்களிலேயே அக்குறையை நீக்கின. 2007-இல் லினக்ஸின் உள்ளேயே கேவிஎம் என்ற பெயரில் இவ்வசதி இடம்பெற்றது. நம் நாட்டில் மத்திய அரசு 2014-இல் தொடங்கிய மேகராஜ் என்னும் ஏற்பாடும் இந்த அடித்தளத்தின் மேல் எழுந்ததே. அரசுத் துறைகள் தனித்தனியே பொறி வாங்காமல், தேசியத் தகவலியல் மையத்தின் தரவு மையங்களில் மெய்நிகர் கணிப்பொறிகளைக் கேட்டுப் பெறலாம் என்பது அதன் கருத்து.

மெய்நிகர் கணிப்பொறி இரும்பன்று, எழுத்து. அதன் டிஸ்க் ஒரு பெரிய கோப்பு. அதன் உருவ அமைப்பு ஒரு சிறு கோப்பு. கோப்பு என்றால் படியெடுக்கலாம், இடம் மாற்றலாம். அதிலும் ஒரு விந்தை உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் கணிப்பொறியை நிறுத்தாமலே ஓர் இரும்பிலிருந்து இன்னோர் இரும்புக்கு மாற்றிவிடலாம். கூடுவிட்டுக் கூடு பாய்தல் என்று சித்தர் கதைகளில் கேட்டிருக்கிறோமே, அதுவே.

பாய்வது எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன். கணிப்பொறி பழைய கூட்டில் வேலை செய்துகொண்டே இருக்கும்போது, அதன் நினைவகம் ஏடு ஏடாகப் புதிய கூட்டுக்கு நகலெடுக்கப்படும். நகலெடுக்கும் நேரத்தில் சில ஏடுகளில் எழுத்து மாறியிருக்கும். மாறிய ஏடுகளை மட்டும் மறுபடி நகலெடுப்பர். அதற்குள் இன்னும் சில மாறும். ஆனால் முன்னையினும் குறைவாகவே மாறும். இவ்வாறு சுற்றுக்குச் சுற்றுக் குறைந்து, மிகச் சில ஏடுகளே எஞ்சும்போது, கணிப்பொறியை ஒரு கணம் நிறுத்தி, எஞ்சியவற்றையும் கொண்டுபோய் வைத்து, புதிய கூட்டில் கண்திறக்கச் செய்வர். நிறுத்தம் பெரும்பாலும் ஒரு விநாடிக்கும் குறைவே. இரு கூடுகளும் பொதுவான ஒரே டிஸ்க் களஞ்சியத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதால், டிஸ்க்கை நகர்த்தும் வேலை பெரும்பாலும் இல்லை. நீங்கள் பணம் அனுப்பிக்கொண்டிருந்த அந்தக் கணத்தில் உங்கள் வேண்டுகோளை வாங்கிய கணிப்பொறி வேறோர் அலமாரிக்குப் போயிருக்கலாம். உங்களுக்குத் தெரிய வழியில்லை.

கேட்பதற்கு எல்லாம் நன்றாகவே இருக்கிறது. தொல்லை இங்கேதான் தொடங்குகிறது. பயன்படுத்துவோர்க்குத் தெரியாதிருப்பது நன்மை. நிருவகிப்பவனுக்கும் தெரியாமற் போனால்?

என் அநுபவத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். அங்கே ஊழியர்களின் கடவுச்சொற்களைச் சரிபார்க்கும் சர்வர் ஒன்றும், அதற்கு இரட்டையாக மற்றொன்றும் இருந்தன. இரும்புக் காலத்தில் இவை கூடத்தின் இரு கோடிகளில், வெவ்வேறு மின்னிணைப்பில் நின்றன. மெய்நிகர் முறைக்கு மாறியபோது இரண்டையும் கோப்புகளாக்கி ஏற்றினோம். வேலைப் பளுவைச் சமன் செய்வதற்காகக் கணிப்பொறிகளைத் தானாகவே இடம் மாற்றும் ஏற்பாட்டையும் இயக்கி வைத்தோம். அந்த ஏற்பாட்டுக்கு இவை இரட்டையர் என்பது தெரியாது. ஒருவரும் அதனிடம் சொல்லவில்லை. ஓர் இரவு, சமன் செய்யும் பொருட்டு, இரண்டையும் ஒரே இரும்பில் கொண்டுபோய் வைத்துவிட்டது.

ஒரு சம்பள நாளன்று காலை, அந்த இரும்பின் நினைவகப் பலகை பழுதாயிற்று. இரட்டையர் இருவரும் ஒரே கணத்தில் மாண்டனர். தானாகவே வேறிடத்தில் உயிர்ப்பிக்கும் வசதி இருந்தது. ஆனால் பக்கத்துச் சர்வர்களில் அவற்றை ஏற்றுக்கொள்ள நினைவகம் மிச்சமில்லை. சரி, கையாலேயே சரிசெய்வோம் என்று நிருவாகத் திரையைத் திறந்தோம். அது கடவுச்சொல் கேட்டது. கொடுத்தோம். சரிபார்ப்பவர்தாம் மாண்டுகிடந்தனரே! பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டியவன் நிலை எங்கள் நிலை. எந்தக் கணிப்பொறி எந்த இரும்பில் இருக்கிறது என்று எழுதி வைத்த அட்டவணையோ, அதே போல் மாண்டுபோன இன்னொரு மெய்நிகர் கணிப்பொறிக்குள் இருந்தது. அலமாரி அலமாரியாகப் போய், ஒவ்வொரு சர்வரின் முன்னும் திரையும் விசைப்பலகையும் மாட்டிப் பார்த்துக் கண்டுபிடித்தோம். ஐந்து மணி நேரம் பல ஊர்க் கிளைகளில் ஒருவரும் உள்ளே நுழைய முடியவில்லை. கடைசியில் எங்களைக் காப்பாற்றியது, முன்னாள் மேற்பார்வையாளர் ஒருவர் இரும்புப் பெட்டியில் உறையிட்டு ஒட்டி வைத்திருந்த, கையெழுத்தில் எழுதிய கடவுச்சொற் காகிதம்.

அன்றைய இரண்டு தவறுகளுள் முதலாவதைத் திருத்துவது எளிது. இரட்டையர் எக்காலத்தும் ஒரே இரும்பில் தங்கலாகாது என்ற விதியை ஹைப்பர்வைசர் தொகுதிக்கு எழுதிக் கொடுத்துவிடலாம். அதற்கு வேண்டுவது, யார் யாருக்கு இரட்டை என்று அறிந்திருப்பதே. இரண்டாவது தவறு கணக்குத் தவறு. நான்கு சர்வர்கள் சேர்ந்த தொகுதி ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் நூற்றுக்குத் தொண்ணூறு நிரம்பியிருந்தால் மொத்தச் சுமை 360. ஒன்று விழுந்தால் எஞ்சிய மூன்றும் தாங்கக்கூடியது 300 தான். ஆகவே நான்கு சர்வர் உள்ள இடத்தில் ஒவ்வொன்றையும் 75-க்கு மேல் நிரப்பலாகாது. இரண்டே உள்ள இடத்தில் 50-க்கு மேல் ஆகாது. "காலியிடம் இருக்கிறதே, வீணாக விடுவானேன்?" என்று கணக்கு அதிகாரி கேட்பார். அந்தக் காலியிடம் வீணன்று. விழப்போகும் ஒன்றன் பங்கு அது என்று அவருக்கு எடுத்துச் சொல்வது நிருவாகியின் கடமைகளுள் ஒன்று. பழைய வீணை ஒழிக்க வந்த முறையில் இந்தக் காலியிடத்தையும் வீண் என்று எண்ணிவிடுவது இயல்பு, ஆபத்தும் அதுவே.

இருப்பதற்கு மேல் வாக்குக் கொடுப்பதும் இம்முறையில் வழக்கம். கல்யாணத்துக்கு அறுநூறு பேரை அழைத்துவிட்டு ஐந்நூறு பேருக்குச் சமைப்பது போன்றது அது. எல்லோரும் ஒரே பந்தியில் வருவதில்லை; சிலர் வருவதே இல்லை. பிராசசர் நேரத்தில் இது பெரிதும் பலிக்கும், ஏனெனில் கணிப்பொறிகள் பெரும்பொழுது சும்மாவே இருக்கின்றன. நினைவகத்தில் அவ்வளவு பலிக்காது. ஒரு கணிப்பொறி பிடித்துக்கொண்ட ஏட்டை எளிதில் விடாது. டிஸ்க்கில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். நூறு கணிப்பொறிகளுக்குத் தலைக்கு இவ்வளவு என்று எழுதிக் கொடுத்துவிட்டு, களஞ்சியத்தில் உண்மையில் பாதியே வைத்திருப்பர். இடம் தீர்ந்த நாளில் ஒன்று மட்டும் பட்டினி கிடப்பதில்லை. அக்களஞ்சியத்தை நம்பி எழுதிக்கொண்டிருந்த அத்தனையும் ஒருங்கே நின்றுவிடும்.

பெரிதாகக் கேட்டால் நல்லது என்றும் எண்ணக்கூடாது. எட்டுப் பேர் அடங்கிய குடும்பம் "எங்களுக்கு ஒரே பெட்டியில் அடுத்தடுத்து எட்டு இடம்" என்று கேட்டால் என்ன ஆகும்? தனியாள் மூன்று பேர் ஏறிப் போயே விடுவர்; குடும்பம் நடைமேடையில் நிற்கும். எட்டுப் பிராசசர் வேண்டும் என்று கேட்டு வாங்கிய கணிப்பொறியும் நெரிசலான இரும்பில் அப்படித்தான் காத்து நிற்கும். அதற்கு இரண்டைக் குறைத்துக் கொடுத்தபின் வேகம் கூடியதை நான் கண்டிருக்கிறேன். கேட்டவருக்கு அதை நம்ப வைப்பதுதான் கடினம்.

அடுத்தது ஜனத்தொகைப் பிரச்சினை. முன்னெல்லாம் ஒரு சர்வர் வேண்டுமென்றால் விண்ணப்பம், ஒப்பந்தப்புள்ளி, கொள்முதல், லாரி என்று மூன்று மாதம் ஆகும். அந்தத் தாமதத்தைத் திட்டாதவர் இல்லை. ஆனால் அது ஒரு வேலியாகவும் இருந்தது. மெய்யான தேவை இல்லாதவர் பாதியிலேயே விட்டுவிடுவர். இப்போது ஐந்து நிமிஷத்தில் ஒரு கணிப்பொறி பிறந்துவிடுகிறது. "பரீட்சைக்காக, இரண்டே வாரத்துக்கு" என்று வாங்கியது இரண்டு வருஷம் கழித்தும் ஓடிக்கொண்டிருக்கும். வாங்கியவர் வேலையை விட்டே போயிருப்பார். பிறப்புக்குப் பதிவேடு உண்டு, இறப்புக்கு இல்லை. கேட்பாரற்ற இத்தகைய கணிப்பொறிக்கு ஒருவரும் பாதுகாப்புத் திருத்தம் போடுவதில்லை. வெளியிலிருந்து திருட வருபவனுக்குத் திறந்த கொல்லைக் கதவு அதுவே.

இதற்கு நாங்கள் கண்ட வழி எளியது. உடையவர் பெயர், எதற்காக, என்று வரை என்ற மூன்றும் எழுதாமல் ஒன்றும் பிறக்கக்கூடாது. தவணை தீர்ந்ததும் அழிக்காமல் முதலில் நிறுத்தி மட்டும் வைப்பது. யாரேனும் கூக்குரலிடுகிறார்களா என்று பார்ப்பது. எவ்வளவு நாள் பார்ப்பது? ஒரு மாதம் போதும் என்றிருந்தோம். பின்னர் ஒரு கணிப்பொறி மார்ச் 31-ஆம் தேதி ஆண்டுக் கணக்கு முடிக்கும்போது மட்டுமே விழித்தெழுவது என்று அறிந்தோம். நல்ல வேளையாக, அழிக்குமுன் அறிந்தோம். அதுமுதல், ஒரு மார்ச் மாதத்தையாவது கடக்காத எதையும் அழிப்பதில்லை.

ஸ்னாப்ஷாட் என்று ஒரு வசதி உண்டு. அதைப் பற்றிய மயக்கம் இத்தொழிலில் இருப்போரிடமே அதிகம். கணிப்பொறியில் ஏதேனும் மாற்றம் செய்யுமுன், "இந்தக் கணம்" என்று ஒரு கோடு போட்டுவைக்கலாம். மாற்றம் பிழைத்தால் அந்தக் கணத்துக்கே திரும்பிவிடலாம். உள்ளே நடப்பது என்னவென்றால், பழைய டிஸ்க் கோப்பைத் தொடாமல் நிறுத்திவைத்து, அதன் பிறகு எழுதுவனவற்றையெல்லாம் வேறொரு கோப்பில் சேர்த்து வருவர். அந்தக் கோப்பு நாளுக்கு நாள் வளரும். கோடு போட்டவர் மறந்துபோனால், களஞ்சியம் நிரம்பும் வரை வளரும். மூன்று நாளுக்கு மேல் அதை வைத்திருக்கலாகாது என்று செய்தவர்களே எச்சரித்திருக்கின்றனர். மேலும், அது காப்புப் பிரதி அன்று. பழைய கோப்பின் மேல் சாய்ந்து நிற்பது அது. பழையது போனால் இதுவும் போயிற்று.

காப்புப் பிரதி என்பது வேறு இடத்தில், வேறு சாவியில், வேறு களஞ்சியத்தில் இருக்க வேண்டும். தில்லியில் வாழும் நேயர்களுக்கு 2022 நவம்பர் 23 நினைவிருக்கும். அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழக மருத்துவமனையின் கணிப்பொறிகள் அன்று முடங்கின. தரவுகளைப் பூட்டிவைக்கும் கயவர் மென்பொருள் புகுந்துவிட்டது. ஐந்து சர்வர்கள் பாதிக்கப்பட்டு, ஏறக்குறைய 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டதாகவும், வலையமைப்பைச் சரிவரப் பிரித்து வைக்காததே இடங்கொடுத்ததாகவும் அரசு பின்னர்ப் பாராளுமன்றத்தில் தெரிவித்தது. வெளிநோயாளர் சீட்டும், ஆய்வக முடிவும், படுக்கைக் கணக்கும் பல நாட்கள் காகிதத்தில் எழுதப்பட்டன. தமிழ்நாட்டிலிருந்து நெடுந்தூரம் வந்து அங்கே வரிசையில் நின்றவரும் இருந்திருப்பர். தாக்குதல் தொடாத ஒரு காப்புச் சர்வரிலிருந்தே நோயாளர் பதிவேடுகள் மீட்கப்பட்டுப் புதிய சர்வர்களில் ஏற்றப்பட்டன. தென்கொரியாவின் தேஜோன் நகரில் அரசுத் தரவு மையத்தில் 2025 செப்டம்பர் 26 அன்று மின்கல அறையில் தீப்பற்றியபோது அந்தப் பாக்கியம் இல்லை. அறுநூறுக்கு மேற்பட்ட அரசு அமைப்புகள் நின்றன. அவற்றுள், அரசு ஊழியர் தம் கோப்புகளைச் சேமித்து வைத்த களஞ்சியத்தின் 858 டெராபைட் தரவுக்கு வெளியே பிரதியே இல்லை. அளவு பெரிது என்பதால் எடுக்கவில்லையாம்.

இனி வீட்டுக்காரரையே குறிவைக்கும் திருடர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பது குடித்தனத்தின் பூட்டுகளைத் தனித்தனியே உடைப்பானேன்? வீட்டுக்காரரின் சாவிக் கொத்தைப் பறித்தால் போதாதா? 2023 பிப்ரவரியில் உலகெங்கும் விஎம்வேர் ஹைப்பர்வைசர்கள் ஆயிரக்கணக்கில் இவ்வாறு தாக்கப்பட்டு, உள்ளிருந்த கணிப்பொறிகளின் கோப்புகள் பூட்டப்பட்டன. கருதப்பட்ட ஓட்டைக்குரிய திருத்தம் 2021 பிப்ரவரியிலேயே வெளிவந்திருந்தது. இரண்டு ஆண்டுகள்! திருத்தம் போட வேண்டுமென்றால் இரும்பை ஒருமுறை நிறுத்தி எழுப்ப வேண்டும் என்று தயங்குவோர் பலர். குடித்தனங்களை அடுத்த வீட்டுக்கு அனுப்பிவிட்டு, காலி வீட்டைப் பழுது பார்த்து, திரும்ப அழைத்துக்கொள்ளலாமே! கூடு பாயும் வித்தையின் முதற்பயனே அதுதான். ஆனால் நான் முன்சொன்ன அந்தக் காலியிடம் இல்லாதவனால் அதைச் செய்ய முடியாது.

இதுவரை ஒரு கட்டடத்துக்குள் நடப்பதைப் பேசினோம். கட்டடமே போனால்? அதற்காக வேறு நகரில் மாற்று மையம் ஒன்று வைத்து, முதல் மையத்தில் எழுதப்படுவதை அங்கும் எழுதிவருவர். பங்குச் சந்தைகளின் மாற்று மையம் பூகம்ப வாய்ப்பில் வேறு மண்டலத்தில் இருப்பது நலம், இன்றேல் 500 கிலோமீட்டருக்குக் குறையாத தொலைவில் இருக்க வேண்டும் என்று செபி விதித்துள்ளது. தொலைவு கூடினால் வேறொரு சங்கடம் உண்டு. கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் தான் செல்லும். மும்பையில் எழுதியதைச் சென்னையிலும் எழுதிவிட்டு "ஆயிற்று" என்ற விடைக்குக் காத்திருந்தால், போக வர மட்டும் விநாடியின் நூற்றில் ஒரு பங்குக்கு மேல் கழியும். ஒவ்வொரு எழுத்துக்கும் அவ்வாறு காத்திருக்கச் சந்தையால் இயலாது. காத்திராமல் அனுப்பினாலோ, விபத்துக் கணத்தில் கடைசிச் சில எழுத்துகள் போய்விடும். ஆகவே கடைசி எழுத்தும் தவறாமலிருக்க அருகில் ஒரு சிறு மையம், நிலம் நடுங்கினாலும் நிற்பதற்குத் தொலைவில் ஒரு பெரு மையம் என்று மூன்றிடம் வைக்கின்றனர்.

மையம் இருந்தால் மட்டும் போதாது என்பதை மும்பை 2021 பிப்ரவரி 24 அன்று கண்டது. தேசியப் பங்குச் சந்தையில் வெளித் தொடர்பு இணைப்புகள் தடுமாறி, அதன் விளைவாகச் சர்வர்கள் தம் டிஸ்க் களஞ்சியத்தை எட்ட முடியாமற் போயிற்று. முற்பகல் 11.40-க்கு வர்த்தகம் நின்றது. மீண்டும் தொடங்கியபோது பிற்பகல் 3.45. அத்தனை நேரமும் மாற்று மையம் இருந்துகொண்டுதான் இருந்தது. வர்த்தகம் அங்கே மாற்றப்படவில்லை. அடுத்த மாதமே செபி புது விதி செய்தது. தடங்கல் நேர்ந்த 30 நிமிஷத்துக்குள் அதனை விபத்து என்று அறிவித்துவிட வேண்டும். அறிவித்த 45 நிமிஷத்துக்குள் வேலை மாற்று மையத்தில் தொடர வேண்டும்.

இவ்விதியில் எனக்குப் பிடித்தது 45 அன்று, 30. இயந்திரத்தை மாற்றுவதைக் காட்டிலும் "மாற்றுக" என்று சொல்லத் துணிவது கடினம். இன்னும் ஐந்து நிமிஷத்தில் சரியாகிவிடும் என்றே ஒவ்வொரு பொறியாளனும் நினைப்பான். நானும் அப்படி நினைத்து மூன்று மணி நேரத்தைப் போக்கியவன்தான். முடிவெடுக்கும் கடிகாரத்தை அவன் கையிலிருந்து வாங்கிவிட்டது அந்த விதி.

2024 மார்ச் 2, சனிக்கிழமை. சந்தைக்கு விடுமுறை நாள். தேசியப் பங்குச் சந்தை அன்று விசேஷமாகத் திறந்தது. காலை 9.15 முதல் 10 மணி வரை முதன்மை மையத்தில் வர்த்தகம் நடந்தது. பிறகு ஒன்றரை மணி நேர இடைவேளை. 11.30 முதல் 12.30 வரை மாற்று மையத்தில் நடந்தது. ஒத்திகைதான், ஆனால் கைமாறிய பணமும் பங்கும் மெய்யானவை. வாங்கியவருக்கும் விற்றவருக்கும் திரையில் ஒரு வேறுபாடும் தெரிந்திராது. மே 18-ஆம் தேதி, மற்றொரு சனிக்கிழமையில், அதே ஒத்திகையை மறுமுறையும் நடத்தினார்கள்.